எதிரே ஜன்னல் இல்லாத அறை

எங்கள் தெருக்கூடத்தின் திறவுகோலே! வாசலைத் திறந்து வைத்து, வந்தவர் வாயையும் திறந்து வைத்த வல்லவரே! நாள் தவறாமல் நாற்காலி விரித்து, நா எழாதவர்க்கும் நம்பிக்கை விரித்த நாயகியே! ஒலிபெருக்கிக்கு உயிரூட்டி, ஒடுங்கிய குரலுக்கு உரமூட்டிய உற்றவரே! இருபத்தாறு ஆண்டுகள் இக்கூடத்தின் காப்பாளராய் இருந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் சாவியக்காவே! வணக்கம்! வணக்கம்! மீண்டும் வணக்கம்!

இதே போக்கில் இன்னும் ஒரு பக்கத்துக்கு விளிகள் எழுதி வைத்திருந்தோம். ‘கருணைக் கடலே’ இருந்தது; ‘பொறுமையின் பொற்சிலையே’ இருந்தது. பொற்சிலையைக் கடைசி நேரத்தில் அடித்துவிட்டோம். ஈரக் குடையோடு உள்ளே நுழைந்து உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஆட்சேபணை சொல்வார்கள். பொற்சிலை போன பிறகு கடல் மட்டும் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டோம்.

வாழ்த்து மடல் என்றால் பெறுபவரின் முகம் பார்த்துப் பேசுவதுதான் முறை. ஆனால் இன்று அவையில் பாதிப்பேர் புதிய அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்கள். ‘சாவியக்கா’ என்றால் பூட்டுக்கடை வைத்திருப்பவர் என்று நினைத்தவரும் அவர்களில் உண்டு. ஆகவே அக்கா, கொஞ்ச நேரம் உங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவர்களைப் பார்த்து உங்கள் கதையைச் சொல்கிறோம். நாற்காலி ஆடுகிறது, விளக்கு மினுக்குகிறது என்று நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். இன்று ஒரு நாள் எதையும் பழுது பார்க்க வேண்டாம்.

அவையோரே! இந்த மேடைக்குப் பின்னால், திரைக்கு இடப்பக்கம், ஒரு சிறு கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுழலும்போது கிறீச்சிடும் மேசை விசிறி, சாவிகள் தொங்கும் பலகை, மூலையில் கால் உடைந்து கிடக்கும் மடக்கு நாற்காலிகள். காப்பாளருக்கென்று கூடம் கட்டும்போதே கட்டிய அறை அது. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் குடை விரிக்க முடியாத ஒரு சந்து. சந்துக்கு அப்பால் அட்டைப்பெட்டிக் கிடங்கின் பின்சுவர். கதவில்லை, ஜன்னலில்லை, காற்றுப்போக்கி கூட இல்லை. காரை பெயர்ந்த வெறும் சுவர். தாய் தகப்பன் போய், தங்கையைக் கட்டிக்கொடுத்து, தனக்கென்று ஒன்றும் அமையாமல், ஒற்றைப் பெட்டியோடு இந்த வேலைக்கு வந்தார் அக்கா. அறையைக் காட்டியபோது, “ஜன்னல் இருக்குல்ல, போதும்” என்றாராம். திறந்து பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

அவர் வந்த சில ஆண்டுகளில் இந்தத் தெருவுக்குக் கவிப்பித்து பிடித்தது. மின்சாரம் போய், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி செத்துக் கிடந்த ஒரு மழை நாளில், பொழுது போகாமல் எல்லோரும் கூடத்தில் குந்தியிருந்தபோது, தையற்கார அக்கா தம் தையல் இயந்திரத்தைப் பற்றி நான்கு வரி சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து தெருவில் தடுக்கி விழுந்தால் கவிஞர் மேல்தான் விழ வேண்டும் என்று ஆகிவிட்டது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை கவியரங்கம். பொருள், நம் தெரு. அக்கா கூடம் பெருக்கி, நாற்காலி விரித்து, மைக்கைத் துடைத்து வைப்பார்.

நம் தெரு என்பதை ஒவ்வொருவரும் நம் வீடு என்று புரிந்துகொண்டதுதான் சங்கடம். தன் வீட்டு வாசல், தன் வீட்டுத் தொட்டிச் செடி, தன் பிள்ளை வாங்கிய மதிப்பெண். மருந்துக்கடைக்காரர் ‘மருந்தே, மாமருந்தே’ என்று தொடங்கி, தள்ளுபடி விலையில் முடித்தார். தன் பாட்டு முடிந்ததும் செருப்பைத் தேடிக் கிளம்பும் கூட்டம் அது. மாதத்துக்கு மாதம் கடைசிக் கவிஞருக்கு அவை மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் பேருந்து ஓட்டுநர் கடைசியாகப் படித்தார். மனைவியைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகாத மனிதர். படித்து முடித்துத் தலை நிமிர்ந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். சாவியக்கா மட்டும் ஒலிபெருக்கிப் பெட்டியருகே நின்று கைதட்டினார். ஓட்டுநர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “இனிமே வரலக்கா” என்றார்.

மறுநாளே அக்கா ஒரு விதி போட்டார்.

“இனிமே யாரும் அவங்க வீட்டைப் பத்தி எழுதக் கூடாது. ஜன்னலைத் திறந்தா எதிர்ல யாரு தெரியறாங்களோ அவங்களைப் பத்தித்தான் எழுதணும். ஜன்னல்ல தெரியாததை எழுதிட்டு வந்தா மைக் கிடையாது.”

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் குதித்தார். “என் ஜன்னலைத் திறந்தா தையற்காரம்மாதான் தெரியறாங்க. அவங்களைப் பத்தி நான் என்னத்த எழுதறது?”

“இத்தனை வருஷமா எதிர்ல இருக்காங்க. எழுத ஒண்ணுமே இல்லைன்னா, தப்பு அவங்க மேலயா?” என்றார் அக்கா.

அந்த விதி செய்த வேலையை என்னென்பது! அடுத்த மாதம் கூடம் நிரம்பியது; இனி வரமாட்டேன் என்ற ஓட்டுநரும் வந்திருந்தார். ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லை. எப்படிப் போவார்கள்? எதிர்வீட்டுக்காரர் தன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தையற்கார அக்கா, மருந்துக்கடைக்காரரின் மாடியில் காயும் கிழிந்த பனியனை ‘போரில் தோற்ற நாட்டின் கொடி’ என்று பாட, அவை சிரித்துச் சரிந்தது. மருந்துக்கடைக்காரர் அன்று இரவே புதுப் பனியன் வாங்கினார். ஓட்டுநரின் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்குழந்தை, ‘மாமா தனியாகச் சிரித்துப் பார்க்கிறார், நன்றாக வரவில்லை’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தபோது, அந்த மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வாரமே எதிர்வீட்டார் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அவையோரே, இந்தத் தெரு இந்தக் கூடத்தில்தான் கற்றுக்கொண்டது.

அக்கா போட்ட இன்னொரு விதி, படிக்கப்போகும் தாளை ஒரு வாரம் முன்னதாகவே அவரிடம் தந்துவிட வேண்டும் என்பது. கேட்டால், “கெட்ட வார்த்தை இருக்கான்னு பாக்கத்தான்” என்பார். நம்பினோம்.

இனி, மேடை ஏறியவர் எல்லாம் வியந்த ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியின் திருகில் அக்காவின் கை எப்போதும் இருக்கும். ஓட்டுநர், எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நுனி பிடித்துப் போர்வை உதறுவதைப் பாடுவார். அந்த வரி வந்ததும் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். சரியாக அந்த வரியில் ஒலி கூடும். கடைசி வரிசைக்கும் அவர் கலங்கியது கேட்கும். மருந்துக்கடைக்காரர் உச்சக்கட்ட வரிக்கு முன் இருமுவார். இருமல் வரும் நொடிக்கு முன்பே ஒலி இறங்கியிருக்கும். குழந்தை தடுமாறும் சொல்லில் ஒலி மெல்லத் தாங்கிப் பிடிக்கும். எப்படி அக்கா என்று கேட்டால், “பெட்டி பழகிப்போச்சு” என்று சொல்லிவிட்டு, நாற்காலி மடக்கப் போய்விடுவார். நாங்களும் பெட்டியைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கூடம் பூட்டும் சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

சென்ற மாதம், இந்த விழாவுக்காகக் கூடிப் பேசினோம். அக்காவையும் உட்காரவைத்து, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டோம். கடிகாரமா, மேசை விளக்கா என்று மருந்துக்கடைக்காரர் அடுக்கினார்.

“கடிகாரம் எதுக்கு? இனிமே நான் எதைத் திறக்கணும், எதைப் பூட்டணும்?” என்றார் அக்கா. பிறகு கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “குடுக்கறதா இருந்தா ஒரு கவிதை குடுங்க. என் ரூமைப் பத்தி. எல்லாருக்கும் இருக்கு.”

சிரித்தோம். இவ்வளவுதானா, இந்தத் தெருவில் கவிதைக்கா பஞ்சம் என்றோம். யாருடைய ஜன்னலுக்கு எதிரே அக்காவின் அறை வருகிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். தையற்கார அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது.

“அக்கா, இந்த விதியப் போடும்போது, உங்களுக்கு எதிர்ல ஜன்னலே இல்லன்னு தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் போட்டீங்க?”

“கூட்டம் கலையாம இருக்கணும்ல” என்றார் அக்கா. தொட்டி நிரம்பியிருக்கும் என்று எழுந்து உள்ளே போனார். குழாயை மூடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

மருந்துக்கடைக்காரர் மறுநாளே நீண்டதொரு பாட்டோடு வந்தார். அக்கா முதல் அடியிலேயே கையை உயர்த்தினார்.

“உங்க ஜன்னல்ல இருந்து என் ரூம் தெரியுதா?”

“தெரியல. ஆனா மனசுல தெரியுது.”

“மனசுக்கு மைக் கிடையாது. அதோட, இதுல என் பேரை எடுத்துட்டு யார் பேரை வேணும்னாலும் போடலாம்.”

தையற்கார அக்கா வேறு வழி பார்த்தார். தம் மொட்டைமாடி மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் அறை ஜன்னலின் ஓரம் தெரிகிறது என்றார். “கழுத்தை நீட்டினா ஊரே தெரியும். ஜன்னல்ல தெரியுதா?” என்று கேட்டு அதையும் தள்ளினார் அக்கா. போகிற நேரத்தில் இத்தனை பிடிவாதமா என்று நாங்கள் கெஞ்சினோம், கோபித்தும் பார்த்தோம். “போறவளே விதிய உடைச்சிட்டுப் போனா, அடுத்த மாசம் இவரு மறுபடி தள்ளுபடி விலைய பாட ஆரம்பிச்சிடுவாரு” என்றார். சொன்னது சிரிப்புத்தான், முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்கு வேண்டியது புகழ் அல்ல. தன்னை ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்துச் சொல்ல வேண்டும். அது நடக்காமலே, இந்த விழா முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் பெட்டி கட்டிவிடுவார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் கொத்தனார் வாய் திறந்தார். கவிதை கேட்க மட்டும் வருபவர் அவர். “எதிர்ல ஜன்னல் இல்லங்கறதுதானே பிரச்சனை? அது கவிதைப் பிரச்சனை இல்லைங்க. கட்டட வேலை.”

கிடங்கு முதலாளியிடம் போனோம். சுவரில் ஓட்டை போட்டால் எலி வரும் என்றார் அவர். “எலி உள்ளதான் இருக்கு முதலாளி, வெளிய போக வழி தெரியாம தவிக்குது” என்றார் கொத்தனார். ஒருவழியாக இசைந்தார். அக்காவிடம் சொன்னோம். “வரட்டும். இத்தனை நாள் நான்தான் சுவரைப் பாத்துட்டு இருந்தேன். அதுவும் கொஞ்சம் என்னைப் பாக்கட்டும்” என்றார். தையற்கார அக்கா உடனே ஒரு திரைச்சீலை தைத்துக் கொடுத்தார். அந்த ஜன்னலுக்குத் திரை தேவைப்பட்டது அதுவே முதல் முறை.

ஜன்னல் வந்தால் போதுமா? அதற்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டுமே. கிடங்கின் அந்தப் பின்சுவரோரம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் கணக்கர் ஒருவர்தான். தெருவோடு ஒட்டாத மனிதர். காலையில் குனிந்த தலையோடு வருவார். மாலையில் அதே குனிந்த தலையோடு போவார். கவியரங்கத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. வராததுகூடப் பரவாயில்லை, கூடத்தின் மேல் புகாரும் கொடுத்திருக்கிறார். என்ன புகார்? காப்பாளர் அறையில் அளவுக்கு மீறி ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் தாங்க முடியவில்லை என்று! ஓர் அதிகாரி வந்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். ஒற்றை ஆள், ஒற்றைத் தலையணை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அதை வைத்து நாங்கள் வெகுநாள் சிரித்தோம்.

அந்த மனிதரிடம்தான் இப்போது கவிதை கேட்டுப் போய் நின்றோம். விரோதி வீட்டில் பெண் கேட்கப் போன கதைதான்.

“எனக்குக் கவிதையெல்லாம் வராது. அதுவும் அவ்வளவு பெரிய குடும்பத்தைப் பத்தி எழுத நான் யாரு?” என்றார் கணக்கர்.

“எந்தக் குடும்பம்? அக்கா தனி ஆளுங்க.”

“ஆபீசர் வந்த அன்னிக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எல்லாரையும் எங்கயோ அனுப்பிட்டாங்க. எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா கேக்கறேன்.”

ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். பாவம், தனியாகவே இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டார் என்றார் மருந்துக்கடைக்காரர். யார் தனியாக இருந்தது என்பதில் அன்றும் எங்களுக்குத் தெளிவில்லை.

கொத்தனார் சுவரைத் திறந்தது போன புதன்கிழமை நண்பகலில். மதியம் அக்கா கூடத்தை உள்பக்கம் பூட்டிவிட்டு அறைக்குள் இருக்கும் நேரம். நாங்கள் எல்லோரும் வீட்டில் சாப்பிடும் நேரம். அங்கே நடந்ததைக் கொத்தனார் சொல்லித்தான் அறிந்தோம். கணக்கர் அன்று தலை சீவி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தாராம். கையில் ஒரு பெரிய பிஸ்கட் பொட்டலம். “குழந்தைங்க இருக்கே, முதல் தடவை பாக்கறோம்” என்றாராம். கடைசிச் செங்கல்லை எடுத்ததும் வெளிச்சம் உள்ளே விழுந்தது. எட்டிப் பார்த்தார்.

எதிரே, ஓர் ஆள் கை நீட்டும் தூரத்தில், சாவியக்கா நின்றுகொண்டிருந்தார். கையில், இத்தனை ஆண்டும் சேர்த்து வைத்திருந்த கவிதைத் தாள்கள். சுவர் அன்றே திறக்கும் என்று எதிர்பார்க்கவில்லை போலும், காலையிலிருந்து கேட்ட உளிச் சத்தமும் காதுக்குப் பழகிப்போய், வேலையில் மூழ்கிப்போயிருந்தார். மருந்துக்கடைக்காரரின் குரலில் கம்பீரமாக ஓர் அடி சொல்லி, அவரைப் போலவே இருமினார். இருமியதும் விரலால் காற்றில் ஒரு திருகைத் திருப்பினார். தாளை மாற்றினார். குழந்தைக் குரலில் எழுத்துக்கூட்டினார். பனியனைக் கேலி செய்யும் தையற்கார அக்காவாகச் சிரித்தார். பிறகு ஓட்டுநர். போர்வை உதறும் வரி வந்ததும் அவர் குரல் உடைந்தது. அது ஓட்டுநருக்காக உடைந்ததா என்று கொத்தனாருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கணக்கர் அறையை மூலைக்கு மூலை பார்த்தார். “அம்மா... மத்தவங்கல்லாம் எங்க?” என்றார்.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். “யாரு?”

“இருமுறவரு. அழறவரு. அந்தக் குழந்தை.”

தாள்களை முந்தானையில் மறைத்துக்கொண்டார், திருட்டுத்தனம் பிடிபட்டவர் போல.

“எல்லாரும் நான்தாங்க” என்றார்.

கணக்கர் பிஸ்கட் பொட்டலத்தைச் சந்தின் குறுக்கே நீட்டினார். “குழந்தைங்களுக்குன்னு வாங்கினது.” அக்கா வாங்கிக்கொண்டார். “நீங்க புகார் குடுத்தவர்தானே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை; வெகுநாள் கழித்துப் பார்த்த உறவுக்காரரிடம் ஊரைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார் என்கிறார் கொத்தனார்.

அவையோரே! பெட்டி பழகிவிட்டது என்றாரே, அது பெட்டியல்ல. நம் ஒவ்வொருவருடைய மூச்சையும் முன்கூட்டியே தம் தொண்டையில் வாங்கி, எந்த வரியில் எவர் தளர்வார், எந்தச் சொல்லில் எவர் தடுக்குவார் என்று ஒரு வாரம் முழுதும் சுவரைப் பார்த்துப் பேசிப் பேசி, சனிக்கிழமை நாம் விழாமல் தாங்கியிருக்கிறார். நம் எல்லோருக்கும் எதிர்வீடு இருந்தது. அவருக்குச் சுவர் இருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால், தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அக்கா! இனி உங்கள் முகம் பார்த்தே பேசுகிறோம். இதோ, கடைசி வரிசையில், வாசல் பக்கம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடிவிடத் தோதாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் கணக்கர். நீங்கள் கேட்டதை எழுதி எடுத்து வந்திருக்கிறார். இந்த ஒரு தாளை மட்டும் உங்களிடம் முன்கூட்டித் தரவில்லை. விதி மீறல்தான், பொறுத்தருள வேண்டும். திருகை இன்று ஓட்டுநர் பிடித்துக்கொள்கிறார். எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று அவருக்குத் தெரியாது. நீங்களும் அங்கிருந்து சைகை காட்டாதீர்கள். கணக்கரின் ஜன்னலில் உங்கள் அறை தெரிகிறது என்று கொத்தனார் சாட்சி சொல்கிறார். ஆகவே அவருக்கு மைக் உண்டு. இந்த இடத்தில் மடல் நிற்கிறது. அவர் எழுந்து படிப்பார். இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டும்போது அவர் கவிதையும் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும் என்பதால், அவர் எழுதிய படியே இங்கே எழுதிவைக்கிறோம்.

என் சுவருக்கு அப்பால்
ஒரு பெரிய குடும்பம் இருந்தது.
இருமும் ஒரு பெரியவர்,
சிரித்துக்கொண்டே சண்டை போடும் ஒரு பெண்,
எழுத்துக்கூட்டும் ஒரு குழந்தை,
ஒரே ஒரு வரியில் மட்டும்
உடைந்துபோகும் ஒருவர்.
சாப்பாட்டு வேளையில்
நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொள்வேன்,
வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டதுபோல.
சத்தம் அதிகம் என்று புகார் எழுதினேன்.
என்னைக் கூப்பிடவில்லை என்று எழுத
அந்தத் தாளில் இடம் இல்லை.

சுவரில் ஜன்னல் வைத்தார்கள்.
பார்த்தேன்.
ஒரு கட்டில், ஒரு நாற்காலி,
ஒரே ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகிறார்.
ஓர் ஆள்தான் போகிறார் என்கிறார்கள்.
எனக்கு
ஒரு தெருவே காலியாகிறது.

இதற்கு மேல் வாழ்த்த எங்களிடம் சொல் இல்லை. ஆயினும் முறை என்று ஒன்று இருக்கிறது; முறையை விட்டால் நீங்கள் மைக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். எனவே, எங்கள் குரல்களைச் சுமந்த குரலே! நோய் நொடி அண்டாமல், நெஞ்சில் குறை தங்காமல், நீண்ட நெடுங்காலம் நீங்கள் வாழ்க! உங்களுக்குப் பசி வேளைக்கு வரட்டும். தூக்கம் கூப்பிடாமலே வரட்டும். நீங்கள் போகும் வீட்டில் சுவர் மெல்லியதாக இருக்கட்டும். அதற்கு அப்பால் யாராவது இருக்கட்டும்.

என்றும் உங்கள் குரலில்,
தெருக்கூடத்துப் பணியாளர்கள்,
கவியரங்கத்தார்,
எதிர்ச்சுவர்க்காரர்